பள்ளிக்கூடமா, வேலையா? நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்பவை

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஜூனில் பள்ளி திறக்கும்வரை என்னிடம் வரும் கேள்விகள் இவை. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. முக்கூடல், ஆலங்குளம், பாப்பாக்குடி பக்கத்துப் பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம். பீடி சுற்றும் வீடு, செங்கல் சூளைக்குப் போகும் வீடு, அப்பா சென்னையிலோ பம்பாயிலோ கடையில் நிற்கும் வீடு. கேட்கிறவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கைக்கு வரும்வரை படிப்பை விட்டு வேலைக்குப் போகும் பேச்சு வேண்டாம். அதற்குப் பிறகு எந்தப் பாதை என்பதில் எனக்குப் பிடிவாதம் கிடையாது. திரும்பி வரும் வழியை அடைத்துவிட்டுப் போகக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதம் உண்டு.

எத்தனை வயசுல வேலைக்குப் போகலாம்? சட்டம் என்ன சொல்லுது?

14 வயது முடியாத பிள்ளையை யாரும் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சொந்த வீட்டுத் தொழிலில், பள்ளி நேரம் போக, விடுமுறையில் ஒத்தாசை செய்யலாம். அந்தத் தொழிலும் ஆபத்தானதாக இருக்கக் கூடாது.

14 முதல் 18 வரை ஆபத்தான தொழில் எதிலும் வைக்கக் கூடாது. சுரங்கம், எரியும் பொருள், வெடிமருந்து எல்லாம் இதில் வரும். சிவகாசிப் பட்டாசு வேலைக்கு ஆள் கேட்டு வேன் வந்தால் 18 ஆகாத பிள்ளையை ஏற்றக் கூடாது. மற்ற வேலைகளுக்கும் கணக்கு உண்டு. மூன்று மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான். இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணிவரை வேலை வாங்கக் கூடாது. ஓவர்டைம் கூடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும். 14 ஆகாத பிள்ளையை வைத்தாலும், 18 ஆகாதவரை ஆபத்தான தொழிலில் வைத்தாலும் முதலாளிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

நம் பிள்ளைகள் போகும் வேலைகளில் இந்தக் கணக்குக்குள் அடங்குபவை மிகக் குறைவு. அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

அப்பாவுக்கு முடியலை டீச்சர். வட்டி கட்டணும். நான் போனாத்தான் வீடு நடக்கும்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் உட்காருவேன். இதைக் கேட்கிற பிள்ளை சோம்பேறி இல்லை, பொறுப்பானவன். அவனைத் திட்டி அனுப்புவது பாவம்.

முதலில் ஒரு தாளை எடுத்து அம்மாவோடு உட்கார். மொத்தக் கடன் எவ்வளவு, யாரிடம், மாத வட்டி என்ன, வருகிற வருமானம் போக ஒவ்வொரு மாதமும் துண்டு விழுவது எவ்வளவு என்று எழுது. பல வீடுகளில் இதை யாரும் எழுதிப் பார்த்ததே கிடையாது. “கஷ்டம்” என்ற ஒரே சொல்லாக அது தலைக்குமேல் நிற்கும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனும் அவன் அம்மாவும் என் முன்னால் இப்படி எழுதினார்கள். குழுக் கடன் ஒன்று, அடகு நகை ஒன்று, தெருவில் வாங்கிய கைமாற்று ஒன்று. எழுதி முடித்தபோது மாதம் துண்டு விழுந்தது 2,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அந்த அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். “இதுக்காகவா இவனை நிப்பாட்டப் பாத்தேன்?” என்று கேட்டார்கள்.

தொகை தெரிந்துவிட்டால் அதைத் தேடுவது வேறு வேலை. அப்பா இறந்துவிட்டாலோ, தீராத நோயில் கிடந்தாலோ, மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் பிள்ளையின் படிப்புக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. வருமான வரம்பு பார்ப்பார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். மருத்துவச் செலவுதான் கடனுக்குக் காரணம் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அட்டை பீரோவுக்குள் இருக்க, தனியார் ஆஸ்பத்திரியில் நகையை வைத்துக் கட்டிய வீடுகள் உண்டு.

அப்புறம் சம்பளத்தையும் அதே தாளில் எழுது. கடையில் மாதம் 9,000 தருவதாகச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ரீசார்ஜ், துணிமணி, சோப்பு, ஊருக்கு வரப் பஸ், ஒரு காய்ச்சல் வந்தால் மாத்திரை, எல்லாம் கழித்து வீட்டுக்கு வருவது என்ன? அது அசலை அடைக்குமா, வட்டியை மட்டும் ஓட்டுமா? வட்டியை மட்டும் ஓட்டும் என்றால் இரண்டு வருடம் கழித்தும் கடன் அப்படியே நிற்கும், நீ மட்டும் பள்ளிக்கு வெளியே நிற்பாய்.

இத்தனைக்கும் பிறகு வேறு வழியே இல்லாத வீடுகளும் இருக்கின்றன. பத்து முடித்த 16 வயதுப் பையன், கீழே இரண்டு தங்கச்சி, தாங்க ஆள் இல்லை. அவனிடம் நான் போகாதே என்று சொல்வதில்லை. எந்த மாதம்வரை என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுப் போ. மூலச் சான்றிதழை முதலாளியிடம் கொடுக்காதே, நகல் போதும். உன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்துக்கொள்.

கொடைக்கு வந்த அண்ணன் சென்னைக் கடைக்குக் கூப்பிடுதான். போகட்டுமா?

நம் ஊர்ப் பிள்ளைகள் படிப்பை விடுவது பெரும்பாலும் கோயில் கொடை, அதாவது திருவிழா சமயத்தில்தான். சென்னைக் கடையில் வேலை செய்யும் அண்ணன் புதுச் சட்டை, புது போன், செலவழிக்கக் கையில் காசு என்று வந்து நிற்பான். அவனைப் பார்த்த பத்தாம் வகுப்புப் பையனுக்கு அரையாண்டுத் தேர்வு மனத்தில் நிற்காது.

அந்தத் தொழிலை நான் குறைத்துப் பேச மாட்டேன். பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிக்கப் போனவர்கள் சொந்தக் கடை வைத்து, ஊரில் வீடு கட்டி, தம்பியைப் படிக்க வைத்தது நம் கண்முன் நடந்திருக்கிறது. ஆனால் அந்த அண்ணனிடம் தனியாக உட்கார்ந்து சில விஷயங்களைக் கேள். கடை எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்குச் சாத்துகிறார்கள்? ராத்திரி எங்கே படுக்கிறாய்? சம்பளம் மாதாமாதம் கைக்கு வருகிறதா, முதலாளியிடமே சேர்ந்துகிடந்து ஊருக்கு வரும்போது மொத்தமாகத் தருகிறாரா? நடுவில் விட்டுவந்தால் அந்தப் பணம் வருமா? மூட்டை தூக்குவது யார்? உனக்கு முன்னால் அந்தக் கடையில் சேர்ந்தவர்களில் யார் சொந்தக் கடை வைத்தார்கள்? கொடைப் பந்தலில் எல்லோர் முன்னாலும் கேட்டால் பெருமைதான் பேசுவான். ஆற்றங்கரையில் வைத்துக் கேட்டால் உண்மையைச் சொல்வான். பலரும் “நீ பத்தாவது முடிச்சிட்டு வாலே” என்றுதான் முடிப்பார்கள்.

பதில்கள் திருப்தியாக இருந்தாலும் பத்து முடித்துவிட்டுப் போ. இன்னும் ஒரு வருடத்தில் அந்தக் கடை எங்கும் போய்விடாது. சென்னையில் பொட்டலம் மடிக்க ஆள் தேவைப்படாத வருடம் என்று ஒன்று இருந்ததில்லை.

படிச்சவனே சும்மாதான இருக்கான்? இஞ்சினியரிங் முடிச்சவன் சாப்பாடு பார்சல் கொண்டு போறான்.

நிஜம். பதில் சொல்லாமல் தாண்டிப் போக முடியாத கேள்வி இது. கடன் வாங்கி, பெயர் தெரியாத கல்லூரியில் நான்கு வருடம் படித்து, அரியரோடு வெளியே வந்து ஊரில் இருக்கும் பையன் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறான். அவனைக் காட்டி ஒரு அப்பா கேட்கும்போது “படிப்பு கண் திறக்கும்” என்று நான் சொன்னால் அவருக்கு எரிச்சல்தான் வரும்.

ஆனால் ஒப்பிட வேண்டியது அவனையும் பத்தாவது முடிக்காதவனையும். காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். பதினேழரை வயதில் ராணுவத்துக்கு ஓட நின்றாலும் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான். வெளிநாட்டு வேலைக்கும் அப்படியே. மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை: பத்து தேறாதவர் சவூதி, குவைத், மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வாங்கியாக வேண்டும், தேறியவருக்கு அந்தச் சிக்கல் கிடையாது. மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் பழகுநர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஐ.டி.ஐ., டிப்ளமா முடித்த நம் ஊர்ப் பிள்ளை அதற்கு விண்ணப்பிக்கலாம். எட்டோடு நின்ற பிள்ளை அறிவிப்பைப் படித்துவிட்டு வைத்துவிட வேண்டியதுதான்.

இன்னொன்று, உடம்பு. 17 வயதில் சூளையில் சுடாத பச்சைச் செங்கல் சுமப்பவனுக்கு ஒரு பட்டதாரியைவிடக் கூடச் சம்பளம் வரலாம். 35-லும் அதே கல்லைச் சுமக்க முடியுமா என்று அவன் அப்பாவின் இடுப்பைக் கேட்டால் தெரியும்.

ஆகவே அந்த அப்பாவிடம் நான் சொல்வது: பெயர் தெரியாத கல்லூரிக்குக் கடன் வாங்க வேண்டாம் என்று நீங்கள் சொல்வது சரி. அதற்காகப் பத்தாவதையே நிறுத்துவது சரியில்லை.

இவனுக்குப் படிப்பு ஏறவே மாட்டேங்கு. சும்மா போய் உக்காந்துட்டு வாரான்.

ஏறாததற்குக் காரணம் கண்டுபிடித்தீர்களா? கண்ணைச் சோதித்தீர்களா? கடைசி பெஞ்சில் இருந்த ஒருவன் கரும்பலகையில் இருப்பதை எழுதவே மாட்டான், பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவான். எல்லோரும் மக்கு என்று சொன்ன பிள்ளை. பள்ளியில் கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் பலகையே அவனுக்குத் தெரியவில்லை என்பது விளங்கியது. இலவசக் கண்ணாடி வந்தது. முதல் மதிப்பெண் எல்லாம் எடுத்துவிடவில்லை. ஆனால் பள்ளியை விட்டுப் போகும் எண்ணம் போய்விட்டது.

இன்னும் சில பிள்ளைகள் வாயால் சரியாகச் சொல்வார்கள், எழுத்து மட்டும் தலைகீழாக வரும். ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டு, கூலி எவ்வளவு என்று மனக்கணக்கில் சொல்லும் பிள்ளையால் ஒரு பத்தியைச் சேர்ந்தாற்போல் வாசிக்க முடியாது. அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். மருத்துவச் சான்று வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகைகள் உண்டு. தலைமையாசிரியர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பிப்ரவரியில் ஓடி வந்து பயனில்லை.

இரண்டுமே இல்லை, உண்மையிலேயே புத்தகத்தில் மனம் நிற்கவில்லை, ஸ்பேனரைக் கையில் கொடுத்தால்தான் கண் விரிகிறது என்றால், அது குறை இல்லை. ஐ.டி.ஐ. கேள்விக்குப் போங்கள்.

பத்தாவதுல ஃபெயில். இனி என்ன இருக்கு?

துணைத்தேர்வு இருக்கிறது. தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும், பாடத்துக்கு 35 மதிப்பெண். ரிசல்ட் வந்த கையோடு விண்ணப்பித்தால் அந்த வருடமே பதினொன்றிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்துவிடலாம். அந்த ஒரு மாதம் மட்டும் பிள்ளையை யார் கூப்பிட்டாலும் வெளியூர் அனுப்பாதீர்கள். போன பிள்ளை தேர்வுக்கு வருவதில்லை.

பதினொன்றா, ஐ.டி.ஐ.யா, பாலிடெக்னிக்கா?

பேட்டை அரசு ஐ.டி.ஐ.யை ஒருமுறை பிள்ளையோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அம்பாசமுத்திரம், ராதாபுரம், தென்காசியிலும் உண்டு. அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் தருகிறார்கள். வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். பிட்டர், எலக்ட்ரீசியன் போன்றவற்றுக்குப் பத்து வேண்டும். பத்து முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. படித்தவர் மொழிப்பாடத் தேர்வையும் எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணைச் சான்றிதழ் வாங்கலாம். பிறகு டிப்ளமாவில் நேராக இரண்டாம் ஆண்டு, டிப்ளமா முடித்தால் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டு. அந்த ஏணி அறுபடாமல் போகிறது. “ஐ.டி.ஐ. போனா மதிப்பு இல்லை” என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பாடத்தில் பிடிப்பு உள்ள பிள்ளை, மார்க்கும் வருகிறது என்றால் பதினொன்றுதான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லிருந்தும் பொறியியலில் 2021-லிருந்தும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பத்தோடு தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். நம் பக்கத்தில் பலர் இது தெரியாமலே மாற்றிவிடுகிறார்கள்.

பொம்பளப் பிள்ள. பத்து போதும்னு வீட்ல சொல்லுதாவ. பீடி சுத்திக்கிட்டு இருக்கட்டும்னு.

பீடித் தட்டு நம் வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது பெண்பிள்ளையை வீட்டுக்குள்ளேயே பிடித்து வைக்கவும் செய்கிறது. பள்ளி விட்டு வந்ததும் அம்மாவுக்கு இலை வெட்டிக் கொடுப்பாள். பிறகு தானே சுற்றுவாள். பரீட்சை நாளில் பீடி எண்ணிக்கை குறைந்தால் கடைக்காரர் முகம் சுளிப்பார் என்று லீவு போடுவாள். ஒருவரும் “படிப்பை நிறுத்து” என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நாள்கள் குறைந்து குறைந்து தானாக நின்றிருக்கும். மாதத்தில் நான்கைந்து நாள் வராத பெண்பிள்ளை வீட்டுக்கு நான் நேரில் போய்விடுவேன்.

நின்ற மறுவருடம் மாப்பிள்ளைப் பேச்சு வரும். 18 ஆகாமல் கல்யாணம் செய்வது குற்றம். மண்டபம் பிடித்துவிட்டார்கள் என்றாலும் 1098-க்குச் சொல்லலாம், பிள்ளையே சொல்லலாம்.

தூரம்தான் தடை என்றால் ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி இரண்டிலும் பெண்களுக்குத் தனி விடுதிகள் உண்டு, தங்கவும் சாப்பிடவும் காசு இல்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. அரசுப் பள்ளியில் படித்துப் பன்னிரண்டு முடித்து மேலே சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். 2022 செப்டம்பரில் ஆரம்பித்த திட்டம் அது. பேட்டை ராணி அண்ணா கல்லூரிக்கும் சுரண்டை காமராஜர் கல்லூரிக்கும் நம் பெண்பிள்ளைகள் இந்தப் பணத்தில்தான் போய்வருகிறார்கள். அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். ஒன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு.

மில்லுக்கு ஆள் எடுக்க வந்திருக்காங்க. மூணு வருஷம் நின்னா கல்யாணத்துக்கு மொத்தமா பணம் தருவாங்களாம்.

வேண்டாம். கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு இப்படி அழைத்துப்போய், மூன்று வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது வெளியே அனுப்பப்பட்ட பெண்கள் உண்டு. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கும். விடுதியை விட்டு வெளியே விட மாட்டார்கள். 18 முடிந்த பெண் தானே விரும்பிப் போவதென்றால், மாதச் சம்பளம் வங்கியில் ஏறுகிறதா, பி.எப். பிடிக்கிறார்களா, நினைத்தபோது வெளியே வரலாமா என்று கேட்டுவிட்டுப் போகட்டும். கடைசியில் மொத்தமாகத் தருவோம் என்ற பேச்சு வந்தாலே எழுந்து வந்துவிடுங்கள்.

கிளாஸ்ல சாதி பேசுதாங்க, சார்ட்ட சொல்லவும் பயமா இருக்கு. போகவே பிடிக்கலை.

இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. ஆனால் “வேலைக்குப் போறேன்” என்று திடீரென்று சொல்லும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையான காரணம் இதுதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாடே பார்த்தது. உடன் படித்தவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் நின்ற பிள்ளையை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள், 2024-ல் அறிக்கை வந்தது.

பிள்ளைக்குச் சொல்கிறேன்: போக வேண்டியது நீ இல்லை. உனக்கு நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடம் சொல், அவர் கேட்காவிட்டால் 14417 கல்வி உதவி எண்ணுக்கோ 1098-க்கோ சொல். இருக்கவே முடியாது என்றால் பள்ளியை மாற்றலாம், படிப்பை விட வேண்டியதில்லை. பெற்றோர்களே, நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று சூளைக்குப் போகிறேன் என்றால் பணத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் வகுப்பைப் பற்றிக் கேளுங்கள்.

சனி, ஞாயிறு மட்டும் கேட்டரிங் போயிட்டு வரலாமா?

14 முடிந்திருந்தால், பகல் பந்திக்குப் போ. ராத்திரி ரிசப்ஷன் வேண்டாம்; சட்டமும் விடாது, திங்கள்கிழமை முதல் பிரீயடில் நீ தூங்குவதை நானும் பார்க்கிறேன். வாழைத்தார் வெட்டும் இடத்தில் லோடு ஏற்றுவது, உயரத்தில் பந்தல் கட்டுவது இரண்டும் கூடாது.

எட்டாவதோட நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப பதினேழு. திரும்பப் படிக்க முடியுமா?

முடியும். எட்டு தேறியிருந்து பதினான்கரை வயது ஆகியிருந்தால் தனித்தேர்வராக நேராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். ஒன்பது படித்திருக்க வேண்டியதில்லை. அறிவியல் செய்முறைக்கு முன்கூட்டியே பதிந்து வகுப்புக்குப் போக வேண்டும், பலர் தவறுவது இங்கேதான். படிப்பைவிட வேலை பழகுவதில்தான் ஆசை என்றால் எட்டாம் வகுப்புத் தகுதிக்கு ஐ.டி.ஐ. இருக்கிறது.

ஒரு விஷயத்தில் ஏமாறாதே. பத்தும் வேண்டாம், பன்னிரண்டும் வேண்டாம், நேராகப் பட்டம் வாங்கித் தருகிறோம் என்று போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். பத்து, பன்னிரண்டு முடிக்காமல் வாங்கும் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது.

பழைய பள்ளிக்குப் போய் டி.சி.யும் எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் கேள். தொலைந்திருந்தாலும் பதிவேட்டில் இருக்கும், தலைமையாசிரியர் எடுத்துத் தருவார். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் மூன்றையும் இ-சேவை மையத்தில் சரிபார்த்துவிடு. ஆதாரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் உதவித்தொகை நின்றுவிடும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் படிக்கும் தம்பி தங்கச்சியின் ஆசிரியரிடம் சொல், யாராவது ஒருவர் கூட வருவோம்.